தூசியும் சட்டமும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயில் வண்டியில் பயணம் செய்வோர், கோலார் தங்கவயலை நெருங்கும்போது, சாம்பல் நிறத்தில் தட்டையாக உயர்ந்து நிற்கும் மேடுகளைக் காண்பர். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே அங்கு மலைபோல் குவிந்துள்ளது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்ட அத்தொழில், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 800 டன் பொன் அவ்வயலிலிருந்து கிடைத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்திற்குச் சென்றது.

இந்த ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். தந்தைக்குப்பின் மகன் என்று பல தலைமுறையினர் அங்கு வேலை செய்தனர். எடுத்த பொன்னின் நிறை அவுன்சுக் கணக்கில் தவறாது குறிக்கப்பட்டது. ஆனால், அப்பொன்னுக்காகக் கல்லைத் துளைத்தவர்களின் நுரையீரலில் எவ்வளவு தூசி தங்கியது என்னும் கணக்கை எடுக்கச் சுரங்கம் தொடங்கி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின. அக்கணக்கு எவ்வாறு எடுக்கப்பட்டது, சட்டம் செய்வோருக்கு அத்தகைய கணக்கு எவ்வாறு துணை செய்கிறது, அது எங்கே நின்றுவிடுகிறது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். விஞ்ஞானச் சான்றுக்கும் அரசாங்கக் கொள்கைக்கும் உள்ள தொடர்பைக் கோலார் போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

இருவகை ஆபத்துக்கள்

ஆழ்ந்த சுரங்கத்தில் தொழிலாளியை எதிர்நோக்கும் ஆபத்துக்கள் பல. அவற்றுள் இரண்டை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, பாறை வெடிப்பு. பூமியின் ஆழத்தில் பாறை பெரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. அதன் நடுவே கல்லை வெட்டி வெற்றிடம் உண்டாக்கினால், அந்த அழுத்தம் முழுவதும் வெற்றிடத்தின் ஓரங்களிலும் இடையில் விடப்பட்ட தூண்களிலும் சென்று குவிகிறது. பாறையின் வலிமை தாங்காதபோது அது வெடித்துச் சிதறுகிறது. கோலாரில் பெரிய வெடிப்புக்கள் நேர்ந்தபோது தரைமேல் உள்ள வீடுகளும் அதிர்ந்தன. தொடக்கத்தில் பொறியாளர்கள் இதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அழைத்தனர். காற்று வெடிப்பதாக எண்ணியதன் அடையாளம் அப்பெயரிலேயே உள்ளது.

இந்த ஆபத்து தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது. அதிர்ச்சி உண்டான நேரம் ஊருக்கே தெரியும். சேதமும் உடனே தெரியும். ஆகவே அதனை ஆராயும் கருவிகளும் விரைவில் வந்தன. 1912-ஆம் ஆண்டிலேயே வயலில் நிலநடுக்கமானி ஒன்று அமைக்கப்பட்டது. 1978-இல் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன், அதிர்ச்சி தோன்றும் இடத்தைக் கணிக்கவல்ல கருவித் தொகுதி நிறுவப்பட்டது. 1988-இல் மத்திய அரசாங்கம் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனத்தைக் கோலார் தங்கவயலிலேயே தோற்றுவித்தது. எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது, வெட்டிய இடத்தை எதனால் தாங்கச் செய்வது என்னும் முடிவுகள் அளவீடுகளைக் கொண்டு ஆராயப்பட்டன.

இரண்டாவது ஆபத்து, தூசி. அது ஓசை செய்வதில்லை. அதனால் நேரும் தீங்கு ஒரு நாளில் தெரிவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் தெரிகிறது. தெரியும்போது நோயாளி சுரங்கத்தில் இல்லாமலும் போகலாம். சேதத்திற்கும் காரணத்திற்கும் இடையே காலமும் தூரமும் மிகுந்திருப்பதால், இதற்குரிய சான்று தானாக வந்து சேராது. யாரேனும் தேடிச் சென்று திரட்டவேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத தூசி

கோலாரில் பொன் தாங்கிய கல், வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் ஆகும். ஹார்ன்பிளெண்ட் நிறைந்த கரும்பாறையின் இடையே அது நரம்புபோல் ஓடுகிறது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவிலுள்ள ஸிலிகா. இதைத் துளைக்கும்போதும், வெடிவைத்துப் பிளக்கும்போதும், வாரி வண்டியில் ஏற்றும்போதும், அரைக்கும்போதும் தூசி எழுகிறது.

எல்லாத் தூசியும் ஒரே வகையில் கெடுதி செய்வதில்லை. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. ஏறக்குறைய 5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களே நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை செல்லவல்லவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதைக் கொண்டு இதனை ஒருவாறு உணரலாம்.

இத்துகள்களின் மற்றொரு தன்மையையும் நினைவிற்கொள்ள வேண்டும். அசைவற்ற காற்றில் 50 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் ஒன்று இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய பத்து வினாடிகள் போதும். 5 மைக்ரான் துகளுக்குப் பதினாறு அல்லது பதினேழு நிமிடங்கள் வேண்டும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏழு மணி நேரம் பிடிக்கும். காற்று சிறிது அசைந்தாலும் அது இன்னும் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். ஆதலால், வெடிவைத்தபின் “தூசி அடங்கிவிட்டது” என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பிழை. அடங்கியது பெருந்தூசியே. நோய் தரும் நுண்தூசி அடுத்த முறையில் வேலைக்கு வருவோரின் மூச்சுக்காகக் காற்றிலேயே காத்திருக்கிறது.

காற்றுப் பையை அடைந்த ஸிலிகாத் துகளை நுரையீரலின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதனைச் செரிக்க இயலாது, அவை மடிகின்றன. வெளிப்பட்ட துகளை வேறு அணுக்கள் விழுங்கி அவையும் மடிகின்றன. இவ்வாறு தொடர்ந்து நிகழ்வதால் நுரையீரலில் தழும்புகள் தோன்றி, சிறு முடிச்சுக்களாகத் திரள்கின்றன. இந்நோயே ஸிலிகோஸிஸ். தழும்பு ஏறிய நுரையீரல் பழைய நிலையை அடையாது. இன்றும் இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்டபின்னும் சிலருக்கு நோய் முற்றிக்கொண்டே போவதுண்டு. மேலும், ஸிலிகா தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றுகிறது. 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், தொழிலிடங்களில் மூச்சுடன் உட்செல்லும் படிக ஸிலிகாவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது.

தென்னாப்பிரிக்காவில் எடுத்த முதற் கணக்கு

இந்நோயைப் பற்றிய அச்சம் மிகப் பழைமையானது. ஆனால் அச்சம் வேறு, கணக்கு வேறு. கணக்கு ஒன்று அரசாங்கத்தை அசைத்த வரலாற்றைத் தென்னாப்பிரிக்காவின் பொன் சுரங்கங்களில் காண்கிறோம். போயர் யுத்தம் தொடங்கியபோது அங்குள்ள துளைப்பொறிகளில் வேலை செய்தோர் தத்தம் ஊர்களுக்குச் சென்றனர். யுத்தம் முடியும் தறுவாயில் அதிகாரிகள் அவர்களைப் பற்றி விசாரித்தனர். யுத்தத்திற்கு முன் வேலை செய்த 1,377 துளைப்பாளரில் 225 பேர், 1899 அக்டோபருக்கும் 1902 ஜனவரிக்கும் இடையில் இறந்துவிட்டதாகத் தெரியவந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அவர்கள் முதியவர்களும் அல்லர்.

இக்கணக்கு விசாரணைக் குழு ஒன்று அமைய வழிசெய்தது. அதன்பின் துளையின் வாயில் நீர் பாய்ச்சும் முறையும், தூசியை எண்ணும் கருவிகளும், நஷ்டஈட்டுச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1930-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் சார்பில் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஸிலிகோஸிஸ் பற்றிய மகாநாடு கூடியது. 1934-இல் அந்த ஸ்தாபனம் நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் ஸிலிகோஸிஸைச் சேர்த்து 42-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை 1964-இல் ஏற்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுரங்க வாயிலில் நின்று எண்ணியிருந்தால் அந்த 225 பேரும் கணக்கில் வந்திருக்கமாட்டார்கள். ஊருக்குச் சென்றவர்களைத் தேடியதாலேயே உண்மை தெரிந்தது.

கோலாரில் நடந்த பரிசோதனை

கோலார் தங்கவயல் அக்காலத்தில் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆகவே பிரிட்டிஷ் இந்தியாவின் சுரங்கச் சட்டங்கள் அங்கு நேரடியாகப் பொருந்தவில்லை. 1940 முதல் 1946 வரை அங்கு தொழிலாளரின் நுரையீரல்களைப் பற்றிய பெரும் பரிசோதனை ஒன்று நடைபெற்றது. காப்லான், பர்டன் என்னும் மருத்துவர்கள் 1947-இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். 7,653 தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் நூற்றுக்கு 43-க்கும் மேற்பட்டோரிடம் ஸிலிகோஸிஸ் காணப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முறையாகக் கண்டறியப்பட்டு அறிவிக்கப்பட்டது இதுவே முதல் முறை என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன.

இத்தகைய பரிசோதனையின் அருமையை நாம் எளிதில் உணர்வதில்லை. ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று கூறினால், அது வயதினால் என்றோ, புகைபிடிப்பதால் என்றோ, காசநோயால் என்றோ எதிர்வாதம் செய்யலாம். ஒரு மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்து எழுதும் குறிப்பும் அவ்வாதத்தை முற்றிலும் போக்காது. ஆனால் ஆயிரக்கணக்கான எக்ஸ்-ரே படங்களை ஒரே முறையில் எடுத்து, ஒரே அளவுகோலால் படித்து, ஒவ்வொரு படத்துடனும் அவர் செய்த வேலை எது, எத்தனை ஆண்டுகள் செய்தார் என்னும் விவரத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது, காரணம் தானே வெளிப்படுகிறது. துளைப்பவர்க்கும் மேற்பரப்பில் வேலை செய்பவர்க்கும் வேறுபாடு உண்டா? ஐந்தாண்டு உழைத்தவரைவிடப் பதினைந்தாண்டு உழைத்தவரிடம் நோய் கூடுதலா? தூசி கூடியபோது நோயும் கூடி, தூசி குறைந்தபோது நோயும் குறைந்தால், வயதையோ புகையையோ மட்டும் காரணமாகக் கூறுவது இயலாது.

இன்னொரு தடையும் உண்டு. பரிசோதனைக்கு வரும் தொழிலாளி, தன் படத்தில் நோய் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பே. தன்னைப் பற்றி எடுக்கப்படும் குறிப்பு தன் நன்மைக்கே பயன்படும் என்னும் நம்பிக்கை அவருக்கு வேண்டும். கோலார் தொழிலாளர் 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆகவே, நோய் கண்டவர்க்கு மாற்று வேலையும் நஷ்டஈடும் உறுதியாகும் இடத்திலேயே நம்பத்தக்க சான்று கிடைக்கும். அங்கு கொள்கையே சான்றுக்கு வழிசெய்கிறது.

எண்ணிக்கையை எவ்வாறு படிப்பது?

நூற்றுக்கு நாற்பத்து மூன்று என்னும் எண் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. ஆனால் விஞ்ஞான முறையில் பழகியோர் எந்த எண்ணையும் ஏற்பதற்குமுன் அது எவ்வாறு கிடைத்தது என்று கேட்பர். களப்பணியாளர் இதனை நன்கு அறிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சுரங்கத்தில் 100 பேர் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தனர் என்று கொள்வோம். பதினைந்து ஆண்டுகளில் 30 பேர் மூச்சுத் திணறலால் வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டனர். எஞ்சிய 70 பேரைப் பரிசோதித்தபோது 20 பேரிடம் நோய் தெரிந்தது. பரிசோதகர் “நூற்றுக்கு 29 பேருக்கு நோய்” என்று எழுதுவார். உண்மையில் சேர்ந்த 100 பேரில் 50 பேர் நோயுற்றனர். வேலையில் இருப்போரை மட்டும் எண்ணினால், நோயின் அளவு குறைவாகவே தோன்றும்.

இதற்கு மாறான பிழையும் நேரலாம். நெடுநாள் உழைத்தவர்களையோ, இருமலுடன் மருத்துவமனைக்கு வந்தவர்களையோ மட்டும் பரிசோதித்துவிட்டு, கிடைத்த விகிதத்தை எல்லாத் தொழிலாளர்க்கும் பொருத்தினால் நோய் மிகையாகத் தோன்றும். ஆகவே யாரைப் பரிசோதித்தோம், யாரை விட்டோம் என்று குறிக்காத எண்ணைக் கொண்டு கொள்கை வகுத்தல் ஆகாது.

சான்றிலிருந்து சட்டத்திற்கு

நாடு விடுதலை பெற்றபின் தொழிலாளர் பாதுகாப்புக்கான சட்டங்கள் புதிதாக இயற்றப்பட்டன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில், கட்டாயமாக அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஸிலிகோஸிஸும் இடம்பெற்றது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, அறிவிக்கப்பட்ட நோய் ஒரு தொழிலாளியிடம் காணப்பட்டால் சுரங்க நிர்வாகம் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் அக்கடமை உண்டு. ஸிலிகோஸிஸ் அவ்வாறு அறிவிக்கப்பட்ட நோய்களுள் ஒன்று. இச்சட்டங்கள் பின்னர் 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலை பற்றிய தொகுப்புச் சட்டத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. அதன் அட்டவணையிலும் ஸிலிகோஸிஸ் உள்ளது.

சான்று சட்டமாக மாறும்போது நான்கு வேலைகளைச் செய்கிறது எனலாம். முதலாவதாக, நோய் இருப்பதை மறுக்க இயலாதவாறு நிலைநாட்டுகிறது. இரண்டாவதாக, காரணத்தைக் குறிப்பிட்டுக் காட்டுகிறது. ஸிலிகாத் தூசிதான் காரணம் என்று தெரிந்தபின் துளைக்கருவியின் நடுவே நீரைச் செலுத்தித் தூசியை எழுமிடத்திலேயே நனைப்பதும், வெடிவைத்தபின் காற்றோட்டத்தால் தூசியை வெளியேற்றுவதும், முகமூடி அணிவதைவிட முதன்மையானவை என்று விதி செய்யலாம். மூன்றாவதாக, நஷ்டஈடு யாருக்கு உரியது என்பதற்கு அடிப்படை தருகிறது. நான்காவதாக, விதி செய்தபின் தூசியும் நோயும் குறைந்தனவா என்று சோதிக்க உதவுகிறது.

இவற்றுள் நான்காவது வேலையே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சட்டம் இயற்றியதும் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். நீர் பாய்ச்சும் கருவி வாங்கப்பட்டிருக்கலாம். ஆனால் குழாயில் நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தூசியை அளக்காமல் விதியை மட்டும் சுவரில் ஒட்டிவைத்தால் நுரையீரலுக்குப் பயன் இல்லை.

போதாத சான்றால் நேர்ந்த தீங்கு

சான்று இன்றியமையாதது என்றோம். அரைகுறைச் சான்று என்ன செய்யும் என்பதற்கும் இதே நோயின் வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. கனடா நாட்டு ஒண்டாரியோ மாகாணத்தின் பொன் சுரங்கம் ஒன்றில் 1930-களின் இறுதியில் முயல்களைக்கொண்டு சோதனைகள் நடந்தன. நுண்ணிய அலுமினியத் தூளை மூச்சுடன் செலுத்தினால் ஸிலிகாவின் தீமை குறைவதாக அச்சோதனைகள் காட்டின. இதைக்கொண்டு 1943 முதல் அம்மாகாணச் சுரங்கத் தொழிலாளர், வேலைக்கு இறங்குமுன் உடை மாற்றும் அறையில் ‘மக்கின்டைர் தூள்’ எனப்பட்ட அலுமினியத் தூளைச் சுவாசிக்கச் செய்யப்பட்டனர். பிற நாடுகளுக்கும் இம்முறை பரவியது. ஒண்டாரியோவில் அது 1979 வரை நீடித்தது.

மனிதரிடம் அத்தூள் ஸிலிகோஸிஸைத் தடுத்தது என்பது நிலைநாட்டப்படவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, அதைச் சுவாசித்த தொழிலாளரைப் பற்றி ஆராய்ந்தபோது, அவர்களிடையே பார்க்கின்சன் நோய் மிகுந்திருப்பது தெரிந்தது. 2020-இல் இம்முடிவு வெளியானபின் அம்மாகாணம் அதனைத் தொழில் நோயாக ஏற்றது. விலங்குச் சோதனை ஒரு தொடக்கமே. அதற்கும் மனிதருக்கான கொள்கைக்கும் இடையே முறையான பரிசோதனை வேண்டும். கொள்கையை ஏற்றபின் அதன் விளைவைத் தொடர்ந்து கவனிக்கவும் வேண்டும். தூசியைக் குறைக்கும் செலவைவிடத் தூள் மலிவானது என்பது அதனை ஏற்பதற்குப் போதிய காரணம் அன்று.

கோலாருக்கு வெளியே

கோலாரில் முதலில் வெளிப்பட்ட நோய், பின்னர் நாட்டின் பல தொழில்களிலும் இருப்பது தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் பகுதியின் சிலேட்டுப் பென்சில் தொழிலாளரை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில் சுகாதார நிறுவனத்தார் பரிசோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் ஸிலிகோஸிஸ் காணப்பட்டது. நம் பள்ளிக் குழந்தைகள் எழுதிய பலப்பங்களின் பின்னே இவ்வாறான மூச்சுக்களும் இருந்தன என்பதை ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டும்.

குஜராத்தின் கோத்ரா பகுதியிலுள்ள குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்துப் பழங்குடி மக்கள் வேலைக்குச் சென்றனர். நோயுற்றுத் தம் கிராமங்களுக்குத் திரும்பி அங்கேயே இறந்தனர். ஆலை ஒரு மாநிலத்தில், கல்லறை வேறொரு மாநிலத்தில். இறந்தோரின் குடும்பங்களைக் கிராமந்தோறும் தேடிக் கணக்கெடுத்ததன் பயனாக வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது. 2016-இல் அந்நீதிமன்றம் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு மூன்று லட்சம் ரூபாய் வழங்கும்படி குஜராத் அரசுக்கு ஆணையிட்டது. தென்னாப்பிரிக்காவில் 1902-இல் கற்ற பாடமே நூறாண்டுக்குப் பின்னும் இங்கு மெய்யாயிற்று. கல் தொழில் மிகுந்த இராஜஸ்தான் அரசு, 2019-இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களைக் கண்டறிதல், தடுத்தல், நோயாளிக்கு உதவுதல் ஆகியவற்றுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது.

சுரங்கம் மூடியபின் எஞ்சியவை

மீண்டும் கோலாருக்கு வருவோம். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் மாநில அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசிடம் சென்றன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அவற்றை நடத்தியது. 2001-இல் வேலை நின்றது. ஸிலிகோஸிஸ் மெதுவாக வெளிப்படும் நோய் என்று கண்டோம். எனவே கடைசி நாளில் சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவரின் நுரையீரலில் இருந்த தூசி, சுரங்கம் மூடப்பட்ட அன்றே வேலை நிறுத்தம் செய்துவிடுவதில்லை. தொழில் முடிந்தபின்னும் மருத்துவக் கண்காணிப்பு முடியலாகாது என்பது இந்நோயின் இயல்பிலிருந்தே பெறப்படும் கருத்து.

எஞ்சியது அது மட்டுமன்று. கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய மேடுகளும் எஞ்சியுள்ளன. அவை பதின்மூன்று, அவற்றிலுள்ள அரைகல் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன். அதில் இன்னும் சிறிதளவு பொன் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை, 1,003 ஏக்கர் பரப்பிலுள்ள இம்மேடுகளைத் தோண்டிப் பொன் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் அளித்தது.

ஊர் மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். சயனைடு கொடிய நஞ்சு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். குவார்ட்ஸ் சிதைவதில்லை. மாவாக அரைக்கப்பட்ட வெங்கச்சங்கல் நூறு ஆண்டுகள் கழிந்தாலும் வெங்கச்சங்கல்லே. பெயரில் உள்ள நஞ்சைப் பற்றி அஞ்சுகிறோம். பெயரில் இல்லாத தூசியை அளக்க மறக்கலாகாது.

இம்மேடுகளைக் கிளறுமுன் அறியவேண்டியவை தெளிவானவை. மேட்டுப் பொடியில் மூச்சுடன் உட்செல்லத்தக்க நுண்துகள் எவ்வளவு? அதில் ஸிலிகாவின் பங்கு எவ்வளவு? கோடைக்காற்று வீசும் மாதங்களில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் ஆகிய இடங்களின் காற்றில் அது எவ்வளவு காணப்படுகிறது? ஆழத்தில் உழைத்தறியாத பெண்கள், சிறுவர் ஆகியோரின் நுரையீரல் நிலை யாது? வேலை தொடங்குமுன் இவற்றை அளந்து வைத்தால்தான், தொடங்கியபின் தூசி கூடியதா, குறைந்ததா என்று கூற இயலும். மேட்டை நனைத்தே தோண்டினால், ஒருவேளை இப்போது வீசும் தூசியைவிடக் குறைவாகவே எழலாம். கவனமின்றித் தோண்டினால் பன்மடங்கு எழலாம். இரண்டில் எது நிகழும் என்பதை விவாதத்தால் முடிவு செய்ய இயலாது, அளவீட்டால் இயலும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1700-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ராமசீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான கேள்விகளுடன் “நீர் என்ன தொழில் செய்கிறீர்?” என்னும் கேள்வியையும் சேர்க்கவேண்டும் என்று அவர் அதில் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் இக்கேள்வி பல சிகிச்சைச் சீட்டுக்களில் இடம்பெறவில்லை.

சுகாதாரக் களப்பணியாளர் இதனை எளிதில் சேர்க்கலாம். காசநோய் மருந்து உண்டும் மூச்சுத் திணறல் நீங்காதவரைக் கண்டால், அவர் இன்று செய்யும் வேலையை மட்டும் கேட்பது போதாது. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கு இருந்தார், சுரங்கத்திலா, கல் உடைக்கும் ஆலையிலா, கிணறு வெட்டும் வேலையிலா, மணல் வீசித் துலக்கும் பட்டறையிலா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் ஒரு கிராமத்தில் எழுதப்படும் அந்த ஒரு வரி, கோலாரில் எடுக்கப்படாமல் விட்டுப்போன கணக்கின் ஒரு பகுதியாகலாம். காசநோய் என்று மட்டும் எழுதினால் அச்சான்று அங்கேயே மறைந்துவிடும். நஷ்டஈட்டுக்கான உரிமையும் அதனுடன் மறையும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இதனைச் செய்து காட்டலாம். இருண்ட அறையில் சன்னலின் சிறு துவாரம் வழியே வரும் கதிரொளியில் தூசி மிதப்பதை மாணவர்களுக்குக் காட்டுக. ஒரு துணியை உதறி, எவ்வளவு நேரத்தில் ஒளியின் பாதை தெளிகிறது என்று கடிகாரத்தைக்கொண்டு குறிக்கச் செய்க. பின்னர் நீர் தெளித்த துணியை உதறச் செய்து ஒப்பிடுக. பெருந்துகள், நுண்துகள், ஈரத்தின் பயன் ஆகிய மூன்றையும் மாணவர் தாமே கண்டுகொள்வர். கரும்பலகையில் எழுதும் கட்டியின் தூள் ஸிலிகா அன்று என்பதையும் கூறிவிடுக. இல்லையேல் வீண் அச்சம் உண்டாகும். எது தீங்கு, எது தீங்கன்று என்று பிரித்தறிவதும் விஞ்ஞானத்தின் பகுதியே.

1995-இல் உலகச் சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து, 2030-ஆம் ஆண்டுக்குள் ஸிலிகோஸிஸை உலகிலிருந்து ஒழிப்பது என்னும் திட்டத்தை மேற்கொண்டன. அந்த ஆண்டு அண்மையில் உள்ளது. தூசியை நனைக்கும் வித்தை நூறாண்டுக்கு முற்பட்டது, எக்ஸ்-ரே எங்கும் கிடைக்கிறது, சட்டமும் உள்ளது. குறைவாயிருப்பது, நோயாளியிடமும் மேட்டுக் காற்றிடமும் சென்று கேட்டு எழுதிவரும் உழைப்பே. அவ்வுழைப்பு களப்பணியாளரின் குறிப்பேட்டில் தொடங்குகிறது. அடுத்த முறை ஊர்ப் பார்வைக்குச் செல்லும்போது, இருமும் முதியவரிடம் அவர் இளமையில் செய்த தொழில் எது என்று கேட்டு, அதனைத் தேதியுடன் எழுதி வைப்பீராக.